விடியும் திசைகள் – 9: வலப்பக்கத்து நாற்காலி

அக்கா என்னும் கடலோரச் சிறைநகரின் கதவு 1908-ல் திறந்ததோடு சென்ற இதழில் நிறுத்தியிருந்தோம். இளந்துருக்கியர் புரட்சி சுல்தானின் பிடியைத் தளர்த்திய அந்த ஆண்டில் விடுதலை பெற்றவர்களில் ஒருவர் அப்பாஸ் எஃபெண்டி. உலகம் அவரை அப்துல் பஹா என்று அறியும். 'பஹாவின் அடியார்' என்பது அதன் பொருள். எட்டு வயதில், பஹாய் மதத்தை நிறுவிய தந்தை பஹாவுல்லா தெஹ்ரானின் நிலவறையில் சங்கிலியோடு கிடந்த காலத்தைக் கண்டவர். அடுத்த ஆண்டே குடும்பத்தோடு நாடு கடத்தப்பட்டவர். பாக்தாத், கான்ஸ்டான்டிநோபிள், ஏட்ரியானோபிள் என்று அலைந்து, 24 வயதில் அக்காவுக்குள் நுழைந்து, 64 வயதில் விடுதலை கண்டவர்.

நாற்பது ஆண்டுகள் கைதியாகவே கழித்த ஒருவருக்கு அதன்பின் என்ன வேண்டியிருக்கும்? கர்மேல் மலைச்சரிவில் ஒரு வீடு, கடற்காற்று, ஓய்வு. உடலும் தளர்ந்துதான் இருந்தது. அவரோ 1910-ல் எகிப்துக்குக் கிளம்பினார். 1911 செப்டம்பர் 10 அன்று லண்டன் சிட்டி டெம்பிள் தேவாலயத்தில் பேசினார். வாழ்நாளில் அவர் ஏறிய முதல் பொதுமேடை அது. அப்போது வயது 67. மறு ஆண்டு மார்ச் 25-ல் அலெக்சாந்திரியாவில் 'செட்ரிக்' கப்பலேறி, ஏப்ரல் 11-ல் நியூயார்க்கில் இறங்கினார். அன்று தொடங்கி டிசம்பர் 5 வரை 239 நாட்கள் அமெரிக்காவிலும் கனடாவிலும் ஊர் ஊராகப் போனார்.

மனிதகுலம் ஒன்று, மதங்களின் ஊற்று ஒன்று என்பது அவர் கொண்டுபோன செய்தி. இதைக் கேட்டுத் தலையாட்டாதவர் அரிது. நம் வீட்டு மேசையில், நம் கோயிலின் மேடையில் அது என்ன கேட்கிறது என்று தெரியும்போதுதான் தலையாட்டல் நின்றுபோகிறது. அந்த 239 நாட்களில் சில நாட்களை மட்டும் இந்த இதழில் நின்று பார்க்கலாம். சொல் செயலாக மாறிய நாட்கள் அவை.

சிகாகோவில் ஒலித்த பெயர்

அதற்கு முன் ஒரு சிறு முன்கதை. அமெரிக்க மண்ணில் பஹாவுல்லாவின் பெயர் பொதுமேடையில் முதன்முதலாக ஒலித்த இடம் நமக்கு நன்கு தெரிந்த இடம்: 1893-ல் சிகாகோவில் நடந்த சர்வமத மகாசபை. செப்டம்பர் 11-ல் விவேகானந்தர் பேசிய அதே மாநாட்டில், 12 நாட்கள் கழித்து, ஹென்றி ஜெசப் என்ற கிறிஸ்தவ மிஷனரியின் கட்டுரை வாசிக்கப்பட்டது. ஜெசப் சிரியாவில் பணியாற்றியவர். அன்று நேரில் வரவில்லை. கட்டுரையை முடிக்கும் இடத்தில், அக்காவில் காலமான ஒரு பாரசீக ஞானியைப் பற்றிச் சொல்லியிருந்தார். கேம்பிரிட்ஜ் அறிஞர் எட்வர்ட் பிரவுன் 1890-ல் பஹ்ஜி மாளிகையில் அந்த ஞானியைச் சந்தித்ததையும், இனச் சண்டைகளும் மதச் சண்டைகளும் ஓய்ந்து மனிதர் ஒரே குடும்பமாக வேண்டும் என்று அவர் பேசியதையும் அந்தக் கட்டுரை எடுத்துக்காட்டியது. பஹாவுல்லா மறைந்து அப்போது ஓராண்டுதான் ஆகியிருந்தது.

அடுத்த ஆண்டே சிகாகோவில் சிலர் இந்த நம்பிக்கையைத் தேடி வந்தார்கள். காப்பீட்டுத் துறையில் வேலை பார்த்த தார்ன்டன் சேஸ் அவர்களில் முன்னவர். 1912-ல் அப்துல் பஹா வந்தபோது அமெரிக்காவின் பல நகரங்களில் சிறு சிறு குழுக்கள் அவருக்காகக் காத்திருந்தன.

சூரியன் உதிக்கும் இடம்

அவர்கள் ஏற்றுக்கொண்ட நம்பிக்கை எத்தகையது என்று கொஞ்சம் விளக்கியாக வேண்டும். நம் ஊரில் 'எம்மதமும் சம்மதம்' என்கிறோம். உன் வழி உனக்கு, என் வழி எனக்கு, சண்டை வேண்டாம் என்பது அதன் சாரம். பஹாய் நோக்கு இதோடு நிற்பதில்லை. மதங்கள் அக்கம்பக்கத்தில் ஓடும் தனித்தனி வழிகள் அல்ல. ஒரே பள்ளிக்கூடத்தின் அடுத்தடுத்த வகுப்புகள் என்கிறது அது. ஆபிரகாம், மோசே, கிருஷ்ணர், ஜரதுஷ்டிரர், புத்தர், இயேசு, முகமது நபி என்று வந்தவர் எல்லாரும் ஒரே இறைவன் அனுப்பிய ஆசிரியர்கள். ஒன்றாம் வகுப்பு ஆசிரியருக்கு அறிவு குறைவு என்று யாரும் சொல்வதில்லை. பிள்ளைகளுக்கு எட்டிய அளவில் அவர் சொல்லிக்கொடுத்தார், அவ்வளவுதான்.

பஹாவுல்லா 1860-களின் தொடக்கத்தில் பாக்தாதில் எழுதிய 'கிதாபே ஈகான்' இந்தக் கருத்தை விரிவாக வாதிடும் நூல். பஹாவுல்லாவுக்கு முன்னோடியான பாபின் தாய்மாமன் ஒருவர் எழுப்பிய ஐயங்களுக்கு விடையாகப் பிறந்தது அது. அப்துல் பஹா அதையே எளிய உவமையாக மாற்றிக்கொண்டார். சூரியன் ஒன்றுதான், அது எழும் இடம்தான் மாறுகிறது. மார்கழியில் கிழக்கு வானில் ஓரிடத்தில் எழும் சூரியனை ஆனியில் அதே இடத்தில் தேடினால் கிடைக்காது. சூரியனை நேசிப்பவர் அது எங்கே எழுந்தாலும் கைகூப்புவார். எழும் இடத்தை மட்டும் நேசிப்பவர் சூரியன் வந்தபிறகும் பழைய இடத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். இந்தத் தொடருக்கு 'விடியும் திசைகள்' என்று பெயர் வைத்ததே இந்த உவமையை நினைத்துத்தான்.

இந்த நோக்கில் ஒவ்வொரு மதத்துக்கும் இரண்டு பகுதிகள் உண்டு. அன்பு, நீதி, வாய்மை, இறைவனை அறிதல் ஆகியவை முதல் பகுதி. அது காலத்தால் மாறாதது. திருமண விதி, தண்டனை, உணவு, வழிபாட்டு முறை ஆகியவை இரண்டாம் பகுதி. காலத்துக்குக் காலம் மாறுவது. மதங்கள் மோதிக்கொள்வது பெரும்பாலும் இந்த இரண்டாம் பகுதியில்தான் என்பது அப்துல் பஹாவின் வாதம்.

தம் மதத்தையும் இந்த விதிக்கு வெளியே வைக்காதது இந்த நோக்கின் நேர்மை. தாமே இறுதி ஆசிரியர் என்று பஹாவுல்லா சொல்லவில்லை. ஆயிரம் ஆண்டுகளாவது கழிந்தபின் இன்னொருவர் வருவார் என்று தம் சட்டநூலான 'கிதாபே அக்தஸ்'-இல் எழுதினார். முகமது நபியோடு நபித்துவம் நிறைவடைந்தது என்று நம்பும் இஸ்லாமிய அறிஞர்களுக்கு இந்தக் கருத்து ஏற்புடையதாக இல்லை. 1850-ல் பாப் தப்ரீஸில் சுட்டுக்கொல்லப்பட்டதில் தொடங்கி இந்தச் சமூகம் சொந்த மண்ணில் பட்ட பாட்டை முந்தைய இதழ்களில் பார்த்தோம். ஆகவே ஒற்றுமை பற்றி அப்துல் பஹா பேசியபோது அது மேடைக்குத் தயாரித்த சொல்லாக இருக்கவில்லை. அதற்கான விலையைக் குடும்பமே கொடுத்திருந்தது.

ஏப்ரல் 23, வாஷிங்டன்

அன்றைய வாஷிங்டன் நிறத்தால் பிளந்து கிடந்த நகரம். உணவகம், விடுதி, அவையோர் கூடும் வீடு எல்லாவற்றிலும் வெள்ளையருக்கு ஒரு வாசல். கறுப்பின மக்களுக்கு வேறு வாசல், அல்லது வாசலே இல்லை. இந்த வழக்கம் அங்கிருந்த பஹாய்களையும் விட்டுவைக்கவில்லை. நம்பிக்கையில் ஒன்றான அவர்கள் சில கூட்டங்களைத் தனித்தனியே நடத்திக்கொண்டிருந்தார்கள்.

இதைக் கேள்வி கேட்டவர் லூயி கிரிகோரி. தென் கரோலினாவின் சார்ல்ஸ்டனில் 1874-ல், அடிமையாக வாழ்ந்து விடுதலை பெற்ற ஒரு தாய்க்குப் பிறந்தவர். ஹோவர்டு பல்கலைக்கழகத்தில் 1902-ல் சட்டம் முடித்தவர். அரசின் கருவூலத் துறையில் வேலை பார்த்தவர். 1909-ல் பஹாய் ஆனார். 1911-ல் எகிப்துக்குப் போய் அப்துல் பஹாவைக் கண்டார். இரு இனத்தாரும் சேர்ந்தே கூட வேண்டும் என்பதில் அப்துல் பஹா தயக்கமே காட்டவில்லை.

1912 ஏப்ரல் 23 அன்று நண்பகலில் ஹோவர்டு பல்கலைக்கழகத்தில் அப்துல் பஹா பேசினார். கறுப்பின மாணவர்களுக்காக எழுந்த அந்த நிறுவனத்தில் அன்று ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் திரண்டிருந்தார்கள். வெள்ளையரும் அவர்களோடு கலந்து அமர்ந்திருந்தார்கள். அப்படி அவர்களைச் சேர்ந்து பார்ப்பதே தமக்கு மகிழ்ச்சி என்று தொடங்கினார். இறைவன் பார்ப்பது உள்ளத்தையே, நிறத்தை அல்ல என்றார். பல நிறப் பூக்கள் சேர்ந்தால்தானே தோட்டத்துக்கு அழகு என்று கேட்டார். கறுத்த மனிதரைக் கண்ணின் பாவைக்கு ஒப்பிட்டவர் பஹாவுல்லா. கண்ணின் கருமணி வழியாகத்தானே வெளிச்சம் உள்ளே போகிறது! அன்புக்குரியவரைக் 'கண்மணி' என்று அழைக்கும் நமக்கு இந்த உவமையின் இதம் உடனே பிடிபடும்.

பேச்சு முடிந்ததும் பாரசீகத் தூதரகப் பொறுப்பாளர் அலி குலி கானின் வீட்டில் அப்துல் பஹாவுக்கு விருந்து. வாஷிங்டனின் உயர்வட்டத்தார் அழைக்கப்பட்டிருந்தார்கள். பதவிக்கும் மதிப்புக்கும் ஏற்ப யார் எங்கே அமர்வது என்று இருக்கைகள் முன்கூட்டியே வகுக்கப்பட்டிருந்தன. விருந்துக்குச் சற்று முன்பு தம்மை வந்து பார்க்கும்படி அப்துல் பஹா சொல்லி அனுப்பியிருந்ததால் கிரிகோரியும் அந்த வீட்டில் இருந்தார். ஆனால் விருந்துப் பட்டியலில் அவர் பெயர் இல்லை. சாப்பாட்டுக்கு அழைப்பு வந்தது; எல்லாரும் உள்ளே போனார்கள். கிரிகோரி ஒதுங்கி நின்று, யார் கண்ணிலும் படாமல் வெளியேறப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பந்தியில் இடம் இல்லாமல் வாசலில் நிற்பது என்றால் என்ன என்று தமிழ் வாசகருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

மேசையில் எல்லாரும் அமர்ந்தபின் அப்துல் பஹா எழுந்தார். சுற்றிலும் பார்த்தார். கிரிகோரி எங்கே, அவரை அழைத்து வாருங்கள் என்று வீட்டுக்காரரிடம் சொன்னார். கான் ஓடிப்போய் அவரை அழைத்து வருவதற்குள், அப்துல் பஹா தம் கையாலேயே மேசையில் இடத்தை மாற்றி அமைத்துவிட்டார். கிரிகோரியைத் தம் வலப்பக்கத்தில் அமர வைத்தார். சிறப்பு விருந்தினரின் வலப்பக்கம் என்பது அந்த மேசையின் ஆக உயர்ந்த இடம். அவர் வந்ததில் தமக்கு மிகுந்த மகிழ்ச்சி என்று சொல்லிவிட்டு, ஏதும் நடக்காததுபோல மனித ஒற்றுமையைப் பற்றிப் பேசத் தொடங்கினார்.

அங்கே யாரையும் அவர் கண்டிக்கவில்லை. வீட்டுக்காரரைக் கூசவைக்கவில்லை. ஒரு நாற்காலியை நகர்த்தினார், அவ்வளவுதான். ஆனால் அந்த நாற்காலி நகர்ந்ததும் மேசையில் இருந்த ஒவ்வொருவரும் ஒரு முடிவெடுக்க வேண்டியதாயிற்று: எழுந்து போவதா, சேர்ந்து உண்பதா?

ஒரு வாரம் கழித்து, ஏப்ரல் 30-ல், சிகாகோவில் கறுப்பின மக்களின் முன்னேற்றத்துக்கான தேசிய சங்கத்தின் நான்காம் ஆண்டு மாநாட்டில் பேசினார். அதே நாளில், ஜேன் ஆடம்ஸ் நடத்திவந்த ஹல் ஹவுஸ் என்ற சமூகநல இல்லத்தில் அவர் வாதிட்ட முறை கணக்குப் பாடம்போல எளிமையானது. உடல், புலன்கள், வளர்ச்சி, உறக்கம், அறிவு, ஒரே நாடு, ஒரே மொழி என்று இரு இனத்துக்கும் பொதுவானவற்றை ஒவ்வொன்றாக அடுக்கினார். வேறுபடுவது நிறம் ஒன்று. இத்தனை ஒற்றுமைகளை விட்டுவிட்டு அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டா பிரிந்து நிற்பது? டபிள்யூ. ஈ. பி. டூபாய்ஸ் ஆசிரியராக இருந்த 'தி க்ரைசிஸ்' இதழ் அவருடைய மாநாட்டுப் பேச்சை வெளியிட்டது.

அதே ஆண்டு செப்டம்பர் 27-ல் நியூயார்க்கில் ஒரு திருமணம் நடந்தது. மணமகன் லூயி கிரிகோரி. மணமகள் லூயிசா மேத்யூ, வெள்ளை இனத்தைச் சேர்ந்த ஆங்கிலேயப் பெண். இருவரும் 1911 புனிதப் பயணத்தில் சந்தித்தவர்கள். அப்துல் பஹாவின் ஊக்கத்தோடு இணைந்தவர்கள். அமெரிக்காவின் பல மாநிலங்களில் அன்று அப்படிப்பட்ட திருமணம் சட்டப்படி குற்றம். தென் மாநிலங்களில் கணவனும் மனைவியும் சேர்ந்து பயணம் செய்யவே முடியாது. இருந்தும் 1951-ல் கிரிகோரி மறையும்வரை அந்த இல்லறம் நிலைத்தது.

கட்டடத்துக்கு உதவாத கல்

ஹல் ஹவுஸ் பேச்சுக்கு மறுநாள், மே 1. சிகாகோவுக்கு வடக்கே மிச்சிகன் ஏரிக்கரையில் உள்ள வில்மெட்டில் மேற்குலகின் முதல் பஹாய் வழிபாட்டு இல்லத்துக்கு அடிக்கல் நாட்டும் விழா. நெட்டி டோபின் என்ற தையல் தொழிலாளி, பணமாகக் கொடுக்கத் தம்மிடம் ஏதும் இல்லையே என்று வருந்தி, ஒரு கட்டுமான இடத்தில் வேண்டாம் என்று ஒதுக்கிய கல்லைக் கேட்டு வாங்கி, பெரும்பாடுபட்டு அங்கே சேர்த்திருந்தார். அப்துல் பஹா அந்தக் கல்லையே நாட்டினார். பல நாட்டார், பல இனத்தார் ஒவ்வொருவராக வந்து அந்த மண்ணைத் தோண்டினார்கள்.

1953-ல் நிறைவடைந்த அந்தக் கட்டடத்துக்கு ஒன்பது பக்கங்கள், ஒன்பது வாசல்கள். உள்ளே பிரசங்கம் கிடையாது, சடங்கு கிடையாது. எல்லா மதங்களின் திருநூல்களிலிருந்தும் வாசிப்பார்கள். யாரும் வந்து அமரலாம். 1986-ல் டெல்லியில் 27 இதழ்களோடு எழுந்த தாமரைக் கோயிலுக்குப் போய்வந்த தமிழர்கள் ஏராளம். செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, எந்த ஊர், எந்தச் சாமி என்று யாரும் கேட்காத அந்த அமைதியில் உட்கார்ந்து வந்தவர்களுக்கு வில்மெட்டின் கதை அந்நியமாகத் தோன்றாது.

அக்டோபர் 12, சான்ஃபிரான்சிஸ்கோ

அக்டோபரில் அவர் பசிபிக் கரையில் இருந்தார். 8-ம் தேதி ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் மாணவர்களிடம் போரின் கேட்டைப் பற்றிப் பேசினார். அதே நாளில் மாண்டிநீக்ரோ, துருக்கி மீது போர் அறிவித்தது. பால்கன் போர் தொடங்கியது. நான்கு நாட்கள் கழித்து, யூதர்களின் ஓய்வுநாளான சனிக்கிழமையில், எமானுவேல் ஜெப ஆலயத்தில் சுமார் 2,000 பேர் முன் நின்றார். அந்தப் பயணத்திலேயே கடினமான பேச்சு இதுதான் என்பது என் எண்ணம்.

மோசேயின் பெருமையோடு தொடங்கினார். எகிப்தில் அடிமைப்பட்டுக் கிடந்த மக்களை ஒன்றுசேர்த்து, கல்வியிலும் அரசிலும் உயர்ந்த இனமாக்கியவர் ஓர் ஆசிரியர் அன்றி வேறு யார் என்று கேட்டார். அவையில் இருந்தவர்கள் மகிழ்ந்திருப்பார்கள். அடுத்து அவர் எடுத்த பெயர் இயேசு. மோசேயின் பெயரையும் இஸ்ரவேலின் தீர்க்கதரிசிகளின் பெயரையும் உலகின் மூலைமுடுக்கெல்லாம் கொண்டுபோய்ச் சேர்த்தது யார்? யூதரின் திருநூலை எத்தனையோ மொழிகளில் படிக்கவைத்தது யார்? கிறிஸ்துவைப் பின்பற்றியவர்கள்தானே? அடுத்த பெயர் முகமது நபி. குர்ஆன் மோசேயைப் போற்றுகிறது, இயேசுவையும் அவர் தாயையும் போற்றுகிறது. கிறிஸ்தவரும் முஸ்லிம்களும் மோசேயை ஏற்றார்கள். அதனால் அவர்களுக்கு என்ன குறைந்துவிட்டது? அப்படியென்றால் நீங்கள் மட்டும் அவர்களுடைய ஆசிரியர்களை மதித்துச் சொன்னால் என்ன? இரண்டாயிரம் ஆண்டுப் பகைக்கு அங்கே முடிவு பிறக்காதா?

இங்கே வாசகர் மனத்தில் ஒரு கேள்வி எழும், எழ வேண்டும். கிறிஸ்துவின் பெயரைச் சொல்லிக்கொண்டே யூதர்களை விரட்டினார்கள், கொன்றார்கள். 1903-ல் கிஷினேவில் யூதர்கள் படுகொலை செய்யப்பட்டுப் பத்து ஆண்டுகள்கூட ஆகவில்லை. அடிபட்டவனிடமே போய், அடித்தவன் வணங்கும் பெயரைச் சொல் என்பதா?

கடினமான கேள்விதான். இரண்டு செய்திகளை வைத்துப் பார்த்தால் அப்துல் பஹாவின் மனம் புரிகிறது. ஒன்று, இந்த விலையை அவர் யூதர்களிடம் மட்டும் கேட்கவில்லை. கிறிஸ்தவர்கள் நிறைந்த அவைகளில் முகமது நபியின் பெருமையை எடுத்துச் சொன்னார். அந்தக் காதுகளுக்கு அது எளிதில் இறங்கும் பேச்சு அல்ல. இரண்டு, பாரசீகத்தில் இது நடந்துகொண்டிருந்தது. ஹமதான் போன்ற நகரங்களில் யூதர்களும், பிற ஊர்களில் ஜரதுஷ்டிரர்களும் பஹாய் ஆகி, இயேசுவையும் முகமது நபியையும் இறைத்தூதர்களாக ஏற்றிருந்தார்கள். தலைமுறைகளாக ஒருவர் தொட்டதை ஒருவர் தொடாத சமூகங்கள் ஒரே விரிப்பில் அமர்ந்து உண்டன. வாழ்ந்து காட்டிய சாட்சியைத்தான் அவர் கலிஃபோர்னியாவுக்குக் கொண்டுவந்திருந்தார்.

எல்லா அவையும் இதை இன்முகத்தோடு ஏற்கவில்லை. நவம்பர் 8-ல் வாஷிங்டனில் இன்னொரு ஜெப ஆலயத்தில் இதே கருத்தைச் சொன்னபோது அவையில் சலசலப்பு. அந்த ஆலயத்தின் ரபியே மனம் கலங்கி மறுநாள் அப்துல் பஹாவைத் தேடி வந்தார். இருவரும் உட்கார்ந்து முழு வாதத்தையும் முதலிலிருந்து பேசினார்கள். அன்றைய கூட்டத்தில் அப்துல் பஹாவே இதை மறைக்காமல் சொன்னார். பேச்சின் ஒரு சொல்லையும் அவர் திரும்பப் பெறவில்லை. கோபத்தோடு விலகிப் போகாமல் கேள்வியோடு நேரில் வந்த அந்த ரபியையும் நாம் மதிக்க வேண்டும். உள்ளபடியே நடக்கும் மத உரையாடல் இப்படித்தான் இருக்கும். அதில் சலசலப்பு உண்டு. மறுநாள் கதவைத் தட்டுவதும் உண்டு.

அதே நகரம், ஒன்பது ஆண்டுகள் கழித்து

1912 டிசம்பர் 5-ல் 'செல்டிக்' கப்பலில் நியூயார்க்கை விட்டுக் கிளம்பினார். வழியனுப்ப வந்தவர்களிடம், பால்கனில் எரியும் தீயையும் அங்கே சிந்தும் இரத்தத்தையும் சொல்லி, பூமி எல்லாருக்கும் ஒரே தாய்நாடு என்று நினைவூட்டினார். இரண்டே ஆண்டுகளில் ஐரோப்பா முழுவதும் பற்றிக்கொண்டது.

அமெரிக்காவிலும் புண் ஆறவில்லை. 1919 ஜூலையில் வாஷிங்டன் தெருக்களில் இனக்கலவரம் வெடித்தது. அடுத்த ஆண்டு அப்துல் பஹாவைக் காண ஹைஃபாவுக்கு வந்திருந்தார் ஆக்னஸ் பார்சன்ஸ். 1912 ஏப்ரலில் வாஷிங்டனில் அப்துல் பஹா தங்கியது இந்த அம்மையாரின் வீட்டில்தான். நகரின் வெள்ளையர் உயர்வட்டத்தில் முன்வரிசையில் இருந்தவர்; இன ஒற்றுமைப் பணியில் அதுவரை முன்நின்றவர் அல்லர். அவரிடம்தான் அப்துல் பஹா, வெள்ளையரையும் கறுப்பரையும் ஒன்றுசேர்க்கும் மாநாடு ஒன்றை வாஷிங்டனில் நடத்தும்படி சொன்னார்.

இந்த வேலை யாருக்கு எளிதோ அவரிடம் கொடுத்திருக்கலாம். யாருக்குக் கடினமோ அவரிடமே கொடுத்தார். விருந்து மேசையிலும் ஜெப ஆலயத்திலும் அவர் செய்ததும் இதுவே. அவரவர் நிற்கும் இடத்தில் இருந்து ஓர் அடி நகரச் சொன்னார். அந்த ஓர் அடிதான் அவரவருக்கு மிகத் தொலைவானது.

ஆக்னஸ் பார்சன்ஸ் நகர்ந்தார். 1921 மே 19 முதல் 21 வரை வாஷிங்டனில் முதல் இன நல்லிணக்க மாநாடு நடந்தது. மேடையேறிப் பேசியவர்களில் லூயி கிரிகோரியும் ஒருவர். ஒன்பது ஆண்டுகளுக்கு முன் அதே நகரத்தில் ஒரு விருந்துக் கூடத்தின் வாசலில் இருந்து நழுவிப் போகப் பார்த்தவர் அவர். இந்த முறை யாரும் அவரைத் தேடி அழைத்துவர வேண்டியிருக்கவில்லை. அவருக்கான நாற்காலி மேடையிலேயே இருந்தது.

*(அடுத்த இதழில்: முதல் உலகப்போரின் பஞ்சத்தில் ஹைஃபாவுக்கும் அக்காவுக்கும் சோறிட்ட யோர்தான் பள்ளத்தாக்குக் கோதுமை.)*